கொக்கு ஓடை நம்முடையது

படகுத்துறையில் வினிஃப்ரெட் தன் விசைப்படகுக்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தாள். செத்துப்போன கணவனின் தம்பி எல்மர் மேலே நின்று குரல் கொடுத்தான்.

“மதினி, நீங்க பாடுன பாட்டுக்கு மரமெல்லாம் மயங்கி விழுதாமே! கொக்கு ஓடைப் பக்கம் ஒண்ணு விடாம சாயுதாம்.”

வழக்கமாக அவன் ஒன்று சொன்னால் இவள் இரண்டு சொல்வாள். இன்று பெட்ரோல் கைமேல் வழிந்ததுகூடத் தெரியவில்லை.

“யாருடா வெட்டுறா? வனத்துறையா?”

“அவங்களுக்கு அங்க என்ன வேலை? இடம் இப்ப நம்மளதுதானே?” அவள் முகத்தைப் பார்த்ததும் எல்மரின் சிரிப்பு நின்றது. “உங்க தம்பி சொல்லலையா?”

சொல்லவில்லை. தம்பி கிளிஃப்போர்ட் தலைநகர் ஜூனோவில் இருந்தான். அலாஸ்காவின் இந்தத் தீவுக் குடிகளே பங்குதாரர்களாக உள்ள கம்பெனியின் நிர்வாகக் குழுவில் அவனும் ஒருவன். இரண்டு வருஷத்துக்கு முன் அவள் சமையலறையில் உட்கார்ந்து, காய்ந்த சால்மனைக் கடித்தபடி சொன்னான்: “வடக்க இருக்குற நம்ம மலையை வனத்துறைக்குக் குடுத்துட்டு, பதிலுக்கு அவங்க கையில இருக்குற கொக்கு ஓடையை வாங்கப் போறோம். அம்மா மீனுக்குப் புகைபோட்ட இடம் அக்கா. நீ வந்து பேசினாத்தான் நடக்கும்.”

பள்ளிக்கூட மண்டபத்தில் வனத்துறை கருத்துக் கேட்ட கூட்டத்தில் அவள் பேசினாள். பேச்சு போதாதென்று தோன்றவே, பாடினாள். அந்த ஓடை தங்கள் குலத்துடையது என்று சொல்லும் பாட்டு அது. இறந்தவர்களுக்கான விருந்தில் மட்டும் பாட வேண்டியது. குலத்துப் பெண்கள் சிலர் முகம் திருப்பிக்கொண்டார்கள். வனத்துறை அதிகாரியோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிலம் கைமாறிய அன்று ஊரே கூடிச் சாப்பிட்டது. இனி யாரும் அங்கே கை வைக்க முடியாது என்று வினிஃப்ரெட் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அவள் படகை எடுத்தாள். முனையைத் திரும்பியதுமே தெரிந்துவிட்டது. செடார் மரங்கள் அடர்ந்து இருட்டாகக் கிடந்த சரிவில் வெறும் வானம் தெரிந்தது. கரையில் புதுச் சரளைக்கல் பாதை, மஞ்சள் இயந்திரம், அடுக்கி வைத்த மரங்கள். அறுத்த மரத்தின் வாசனை தண்ணீர்வரை வந்தது. வேலையாட்களில் பாதிப்பேர் ஊர்ப் பையன்கள். ஒருவன் அவளைக் கண்டு சந்தோஷமாகக் கையசைத்தான்.

வேலையைப் பார்க்க ஜூனோவிலிருந்து வந்திருந்த கிளிஃப்போர்ட் தலைக்கவசத்தோடு ஓடிவந்தான். “அக்கா, நானே வந்து சொல்லலாம்னு இருந்தேன். ஓடையோரமா மரம் விட்டிருக்கோம். மீனுக்கு ஒண்ணும் ஆகாது.”

“வெட்டணும்னு அப்பவே தெரியுமா உனக்கு?”

“பசங்களுக்கு வேலை வேணாமா? வேலை இல்லேன்னா எல்லாரும் ஊரை விட்டுப் போயிருவாங்க. பள்ளிக்கூடத்தையே மூடிருவான்.”

“நான் கேட்டது அது இல்ல.”

அவன் கையுறையைக் கழற்றினான், மறுபடி மாட்டினான். “மரம் இல்லாத இடத்தைக் கம்பெனி எதுக்கு அக்கா கேக்கும்?”

“அப்ப என்னைய எதுக்குடா பாடச் சொன்ன?”

“நான் பேசத்தான் சொன்னேன். பாடுனது நீ.”

அது உண்மை. சின்ன வயதில் அவனை முதுகில் சுமந்து இதே ஓடையைக் கடந்திருக்கிறாள். வனத்துறைக்காரன் வெட்டியிருந்தால் அவன் வீட்டு வாசலில் போய்க் கத்தியிருப்பாள். இங்கே யார் வாசலில் போய்க் கத்துவது?

மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கியது. அவனை அழைத்துப்போக வேண்டிய, தண்ணீரில் இறங்கும் மிதவை விமானம் வராது என்று ரேடியோவில் சொன்னார்கள். கொஞ்சம் தயங்கி, “ஊர்வரைக்கும் விட்டுர்றியா?” என்றான். அவள் படகில் கிடந்த வலையை ஒதுக்கி இடம் பண்ணினாள்.

பாதி வழி வந்தாயிற்று. கரைகள் மறைந்து, வெள்ளைக்குள் படகு மட்டும் இருந்தது.

“திட்டவாவது செய், அக்கா.”

அவள் எஞ்சினை நிறுத்தினாள். அலை பலகையில் தட்டியது. அப்புறம், பனிக்குள் எங்கோ ரம்பத்தின் உறுமல் கேட்டது. நின்றது. நெடுநேரம் எதுவோ முறிந்தபடியே இருந்தது. அது தரையில் விழும் சத்தத்துக்காக, அக்காவும் தம்பியும் ஒரே பக்கம் தலையைத் திருப்பிக் காத்திருந்தார்கள்.