காரத்துக்கு நாலு வாரம் விடுப்பு

மசாலா குடலில் இருக்கும் பாக்டீரியாவை மாற்றுமா, அதனால் இதயத்துக்கு நன்மை உண்டா என்று கண்டுபிடிக்க டாக்டர் ஃபாங் ஹாங்சோவிலிருந்து எங்கள் செங்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். நாற்பது பேரைச் சேர்த்தார். பாதிப் பேருக்கு இஞ்சி, பட்டை, மஞ்சள், மிளகாய் அடைத்த கேப்சூல்; மீதிப் பேருக்கு வெறும் அரிசி மாவு. யாருக்கு எது என்பது ஆளுக்கொரு ஒட்டிய உறைக்குள் இருந்தது; அவருக்கே தெரியாது. வாரம் ஒருமுறை ரத்தமும் மல மாதிரியும் வாங்குவது நர்ஸான என் வேலை.

நிபந்தனை ஒன்றுதான். நாலு வாரம் சாப்பாட்டில் மசாலாவே கூடாது. மிளகாய் இல்லாமல் ஒரு வாய் இறங்காத செங்டுவில் இதைக் கேட்டார். நாற்பது பேரும் தலையாட்டினார்கள்.

அவர்களில் ஒருத்தி தெங் ஷுஜென். அறுபத்தொரு வயது, ரத்த அழுத்தம் நூற்று அறுபது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நூடுல்ஸ் கடை வைத்திருந்தாள். இலவசமாக இதய ஸ்கேன் எடுப்பார்கள் என்றுதான் சேர்ந்தாள். ஆனால் கையெழுத்துப் போட்டால் போட்டதுதான் என்கிற ரகம்.

முதல் வாரமே நான் கேட்டேன். "ருசி பாக்காம எப்படிக்கா மிளகா எண்ணெய் கலக்குற?"

"மோந்து பாத்துக் கலக்குறேன்மா. மோந்து பாக்கக் கூடாதுன்னு எழுதலையே."

மூக்கு ஏமாற்றியது. ஒரு நாள் உப்பு தூக்கல், மறுநாள் நாக்கை மரத்துப்போக வைக்கும் எங்கள் ஊர் மிளகை அள்ளிப் போட்டதுபோல. வாடிக்கையாளர்கள் எதிர்க்கடைக்கு நகர்ந்தார்கள். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற லெய் மட்டும் விடாமல் வந்தார். அவரும் அந்த நாற்பதில் ஒருவர்.

"லெய் அண்ணே, நீங்க இதச் சாப்பிடக் கூடாதே?" என்றாள் ஷுஜென்.

"கேப்சூல முழுங்கிட்டேன்ல? அது தனியா உள்ள போனா பயப்படும். தொணைக்கு ஒரு கிண்ணம். இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊத்து."

மூன்றாம் வாரம் அவள் கடையை மூடிவிட்டாள். முப்பது வருஷத்தில் முதல்முறையாக மத்தியானம் தூங்கினாள். ஆற்றங்கரையில் நடந்தாள். தேநீர்க் கடையில் உட்கார்ந்து காய்களை அடுக்கி மாஜாங் ஆடினாள்.

நாலு வாரம் முடிந்தது. முப்பத்தொன்பது பேரின் முடிவுகளில் முதல் நாளுக்கும் கடைசி நாளுக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. டாக்டர் ஃபாங் எல்லோரையும் கூட்டினார்.

"உண்மையச் சொல்லுங்க. யாராவது சாப்பாட்டுல காரம் சேத்துக்கிட்டீங்களா?"

லெய்தான் எழுந்தார். "சாப்பாட்டுல காரம் சேக்கல டாக்டர். காரத்துலதான் கொஞ்சம் சாப்பாடு சேத்துக்கிட்டோம்."

டாக்டருக்கு மிஞ்சிய ஒரே நம்பிக்கை ஷுஜென். அவளுடைய ரத்த அழுத்தம் நூற்று முப்பதுக்கு இறங்கியிருந்தது. நிச்சயம் மசாலா கேப்சூல்தான் என்று உறையைக் கிழித்தார். அரிசி மாவு.

"நாலு வாரமா மாவையா முழுங்கினேன்?" என்றாள் ஷுஜென். "அதுக்கா என் கடைய மூடினேன்?"

"கடைய மூடினீங்களா?"

"மூடிட்டு மத்தியானம் தூங்கினேன், நடந்தேன். வேற என்ன பண்ண?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். மசாலாவை நிறுத்தியதில் அவள் குடலில் பாக்டீரியா வகைகள் குறைந்திருந்தன. அவர் தேடி வந்த தடயம் அதுவாகவும் இருக்கலாம். ஆனால் ஒரே ஒரு ஆளை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஒழுங்காக நடந்துகொண்ட ஒருத்தியின் முடிவும் மற்றவர்களுடையதோடு பெட்டிக்குள் போயிற்று.

மறுநாளே ஷுஜென் கடையைத் திறந்தாள். பத்தே நாளில் அழுத்தம் நூற்று ஐம்பத்தைந்து. திட்டி மாத்திரை போட வைத்தேன்.

ஊருக்குக் கிளம்பும் முன் டாக்டர் ஃபாங் மன்னிப்புக் கேட்க அவள் கடைக்கு வந்தார்.

"எனக்கு மிளகா ஒத்துக்காதுங்க. வயிறு தாங்காது," என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வெறும் சோயா சாஸும் வெங்காயத்தாளும் போட்டு ஒரு கிண்ணம் வைத்தாள். அவர் இரண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, செங்டுவிலேயே இதுதான் சிறந்த நூடுல்ஸ் என்றார்.

அவர் போன பிறகு அவள் என்னிடம் சொன்னாள். "அந்த மாவக்கூட மன்னிச்சிட்டேன்மா. இதத்தான் மன்னிக்க முடியல."