ஈரமான மூலை

மண் ஒன்று சொல்கிறது, ரத்தம் வேறொன்று சொல்கிறது. எதை நம்பித் தொலைப்பது? மண் ஆய்வாளர் பிரான்வின் இரண்டு சோதனைத் தாள்களையும் காரின் மேல் அறைந்துவிட்டுக் கொல்லைக் கதவைத் தள்ளினாள்.

ஓய்வுபெற்ற சுரங்கக்காரர் மெர்வ் ட்ரெசோனாவின் கொல்லை அது. ஆஸ்திரேலியாவின் ஈயச் சுரங்க ஊரான புரோக்கன் ஹில்லில் யார் கொல்லையைக் கிளறினாலும் ஈயம்தான். ஆறு மாதமாக இவள் இங்கே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருக்கிறாள். வெல்லப்பாகு ஊற்றி வளர்த்த நுண்ணுயிர்கள் மண்ணில் ஒட்டிய ஈயத்தைப் பிரித்துவிடும். மெல்லிய மின்சாரம் அதை ஈரத்தோடு சேர்த்து வேலியோரக் கம்பிகளுக்கு இழுத்து வரும். கடைசியில் அந்த ஓர மண்ணை மட்டும் வெட்டி அள்ளிவிடலாம். கொல்லை நடுவில் ஈயம் பாதியாகக் குறைந்தும்விட்டது. ஆனால் மெர்வின் இரண்டு வயதுப் பேரன் ஆல்பியின் ரத்தத்தில் பதினொன்றாக இருந்த ஈய அளவு பதினேழாகியிருக்கிறது. இன்னும் ஏறினால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடிலெய்டுக்கே போய்விடுவதாக மெர்வின் மகள் சொல்லிவிட்டாள்.

"ஆல்பிய மண்ணுல விளையாட விட்டீங்களா?"

"வாசப்படியத் தாண்ட விடல," என்றார் மெர்வ்.

"கம்பிய யாராச்சும் தொட்டாங்களா?"

"போலீஸ்காரி மாதிரி கேக்காதம்மா! தொடாதேன்ன, தொடல. அணைக்காதேன்ன, அணைக்கல. இதுக்கு மேல என்னதான் பண்ணச் சொல்ற?"

அவளுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அப்போதுதான் வேலியோரம் கோழிகள் கொக்கரித்தன.

"கூண்டு கொட்டகைப் பக்கம்தானே இருந்துச்சு?"

"நாப்பத்தஞ்சு டிகிரி வெயிலு! ரெண்டு கோழி செத்தே போச்சு. நீ கரண்டு விட்டதுலேர்ந்து இந்த மூலை மட்டும் ஈரமா, ஜில்லுன்னு கெடக்கு. ஜனவரிக் கோடையிலயே மாத்திட்டேன். பாரு, எவ்வளவு சொகமா பொரளுதுங்க!"

கொல்லை முழுவதன் ஈயமும் வந்து சேரும் மண்ணைக் கோழிகள் ஆசையாகக் கொத்திக்கொண்டிருந்தன.

"முட்டைய என்ன பண்றீங்க?"

"நல்லா சாப்பிட்டா ஈயம் ஒடம்புல ஒட்டாதுன்னு நர்சம்மா சொல்லிச்சு. தெனம் ரெண்டு, ஆல்பிக்கு நானே அவிச்சு ஊட்டுறேன்." பெருமையாகச் சொன்னவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "என்னம்மா? வெளிய இழுக்குற ஈயம் எங்க போவுதுன்னு நீ சொல்லவே இல்லயே?"

சொல்லவில்லைதான். நாற்பது பக்க அறிக்கையில் படம் போட்டு விளக்கியிருந்தாள். இவரிடம் ஒரே வரியில் முடித்துவிட்டாள். ஆறு மாத எரிச்சலும் திரும்பி அவள் தலையிலேயே விழுந்தது.

"இங்கதான்," என்று கூண்டைக் காட்டினாள்.

அடுப்பில் இன்றைய இரண்டு முட்டைகள் கொதித்துக்கொண்டிருந்தன. மெர்வ் உள்ளே ஓடினார்.