நாற்பத்து மூன்று பேர் பார்த்த படம்

எங்கள் ஊர்த் திரையரங்கில் பார்வையாளர்களில் ஒருவர் கண்ணை மூடினாலும் படம் நின்றுவிடும். இமைத்தால் பாதகமில்லை. மூடிவிட்டால், அவர் திறக்கும்வரை காட்சி அப்படியே நிற்கும். எழுந்து வெளியே போனவரையும் படம் கண்ணை மூடியவராகவே எடுத்துக்கொள்ளும். நான் இருபத்திரண்டு வருடங்களாக அங்கே ஆபரேட்டர். சிரிப்புப் படங்கள் சொன்ன நேரத்துக்கு முடிந்துவிடும்.

மார்ச் மாதம் திரைப்படச் சங்கத்தார் ஒரு ஸ்பானிஷ் படம் கொண்டுவந்தார்கள். பேய் இல்லாத பேய்ப்படம். ஒரு வீடு, ஓர் அப்பா, ஓர் அம்மா, இனெஸ் என்று ஒன்பது வயது மகள். பேசுவது தமிழில் கீழே எழுத்தாக வரும். நாற்பத்து மூன்று பேர் வந்திருந்தார்கள்.

அப்பா பெல்ட்டைக் கழற்றியபோது முதல் தடவை நின்றது. பாலிடெக்னிக் வாத்தியார் ஒருவர் துண்டால் முகத்தை மூடியிருந்தார். பத்து நிமிடம் கழித்து எடுத்தார். அப்புறம் ஒருவர் வெளியே போய் வாந்தி எடுத்து, வாய் கொப்பளித்து, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு உட்கார்ந்தார். இப்படி நின்று நின்று, மாலைக்குள் முக்கால் மணி நேரப் படம் ஓடியிருந்தது.

அதன் பிறகு சமையலறைக் காட்சி. அப்பா மேசையின் இழுப்பறையைத் திறக்கிறார். விளிம்பில் விரல்களை வைக்கச் சொல்கிறார். இனெஸ் வைக்கிறாள். அம்மா அடுப்பைப் பார்த்தபடி நிற்கிறாள். அப்பா இழுப்பறையைத் தள்ளிச் சாத்தக் கையை வைத்ததும் படம் நின்றது.

டி வரிசை, ஏழாவது இருக்கை. மின்வாரிய அலுவலகத்தில் வேலை பார்க்கும் செண்பகவல்லி நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தார். பயந்து மூடியவர்போலத் தெரியவில்லை.

ஆறு மணிக்கு எல்லோரும் வீட்டுக்குப் போனோம். மறுநாள் காலை பத்து மணிக்கு நாற்பத்து மூன்று பேரும் வந்தார்கள். இனெஸை அப்படியே விட்டுவிட யாருக்கும் மனமில்லை. செண்பகவல்லியும் வந்தார். இருக்கைவரை திறந்த கண்ணோடு நடந்து வந்து, உட்கார்ந்ததும் மூடிக்கொண்டார்.

மூன்றாம் நாள், பக்கத்து இருக்கையிலிருந்த ஆட்டோக்காரர் இருளப்பன் பேச்செடுத்தார்.

“அக்கா, கண்ணத் தொறங்க. மூணு நாளா அந்தப் புள்ள விரல வச்சுக்கிட்டே நிக்குது.”

“தொறந்தா நசுங்கிரும், தம்பி.”

“தொறக்கலன்னா பயந்துக்கிட்டே நிக்குமே. அது மட்டும் என்ன வாழ்க்கை?”

செண்பகவல்லி மூடிய கண்ணோடு அவர் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்: “எங்கம்மாவும் இப்படித்தான் கண்ண மூடிக்கிட்டு இருந்தாங்க. ஆனா எங்க வீட்டுல எதுவும் நிக்கல.”

அவர் கண் மூடியபடியே எழுந்து எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார்.

“நான் தொறக்கிறேன். ஆனா ஒண்ணு. யாரும் புள்ளயப் பாக்கக் கூடாது. மேசையப் பாக்கக் கூடாது. நாப்பத்து மூணு பேரும் அந்த ஆளு மூஞ்சிய மட்டும் பாக்கணும். முடியுமா?”

“பாத்தா என்னம்மா ஆகும்?” என்று வாத்தியார் கேட்டார்.

“தெரியல சார். எங்க வீட்டுக்குள்ள வந்து யாரும் பாத்ததில்ல.”

பழக்கம் வேண்டும் என்று இருளப்பன் சொன்னார். அதனால் நான்காம் நாள் நான் கேபினிலிருந்து இறங்கித் திரைக்கு முன்னால் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். செண்பகவல்லி தவிர மற்ற எல்லோரும் என் முகத்தையே அரை மணி நேரம் பார்த்தார்கள். முதலில் காது சுட்டது. அப்புறம் நான் செய்த சில காரியங்கள் வரிசையாக நினைவுக்கு வந்தன. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் என் மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். போதுமான பழக்கம் வந்துவிட்டது என்று முடிவு செய்தோம்.

ஐந்தாம் நாள் பத்தேகாலுக்கு செண்பகவல்லி கண்ணைத் திறந்தார்.

படம் நகர்ந்தது. அப்பாவின் கை கால் அங்குலம் முன்னால் போயிற்று. அங்கே அவருக்குக் கன்னத்தில் ஏதோ ஊர்ந்திருக்க வேண்டும். துடைத்துக்கொண்டார். நிமிர்ந்தார். ஜன்னல் பக்கம் போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் திரும்பி வந்தார். மறுபடியும் கன்னத்தைத் துடைத்தார்.

‘யார் அங்கே?’ என்று எழுத்து வந்தது.

நாற்பத்து மூன்று பேரும் அவர் முகத்தையே பார்த்தோம்.

‘என்ன பார்க்கிறீர்கள்?’

“உன்னத்தான்டா,” என்றார் இருளப்பன். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

அப்பா கத்தத் தொடங்கினார். மொழிபெயர்ப்பால் ஈடுகொடுக்க முடியாமல் கீழே வெறும் புள்ளிகள் ஓடின. வாத்தியாருக்குக் கண்ணீர் தாரையாக வழிந்தது. ஆனால் மூடவில்லை. செண்பகவல்லி முன் இருக்கையின் முதுகைப் பிடித்திருந்தார். பதினோரு நிமிடம் இப்படியே போனது. பிறகு அந்த ஆள் மேசையை விட்டு விலகினார். மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரிக்குள் குனிந்து நுழைந்து, கதவை உள்ளேயிருந்து சாத்திக்கொண்டார்.

அம்மா அடுப்பை அணைத்தாள். இனெஸின் கையை எடுத்து ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்தாள். பிறகு இருவரும் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்கள்.

மீதிப் படம் முழுவதும் பஸ் பயணம். முதலில் ஆலிவ் மரங்கள் வந்தன, பிறகு மொட்டைப் பாறைகள். கொஞ்ச நேரத்தில் பனைமரங்கள் தெரிந்தன. ஒரு பெட்டிக்கடையில் வாழைத்தார் தொங்கியது. மைல்கல்லில் எங்கள் ஊர் பதினாறு கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. இனெஸ் அம்மாவின் மடியில் தூங்கினாள். கண்டக்டர் வந்து, “எங்க இறங்கணும்மா?” என்று கேட்டார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

பெயர்கள் ஓடி முடிந்ததும் நான் விளக்கைப் போட்டேன்.

“அந்த வண்டி பைபாஸ்லயே இறக்கிவிட்டுட்டுப் போயிரும்க்கா,” என்று இருளப்பன் ஆட்டோச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

“புள்ளய நடுவுல உக்கார வச்சுக் கூட்டிட்டு வா,” என்றார் செண்பகவல்லி. பிறகு வீட்டுக்குப் போன் செய்தார்.

“அம்மா, ரெண்டு பேருக்குச் சேத்து உலை வைங்க. ஆமா, சாப்பிட வர்றாங்க. கொழம்புல காரம் கம்மியாப் போடுங்க, அந்தப் புள்ளைக்குப் பழக்கம் இருக்காது.”