கழுத்தில் அட்டை மாட்டிய பிறகு

ஜலகண்டாபுரத்தில் தறி ஓடும் அந்தத் தெருவில் எந்த வீட்டுக் கதவையும் நான் தட்டியதில்லை. தட்டினாலும் விசைத்தறிச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே போய்விடுவேன். என் பையைப் பார்த்ததும் சிரிப்பார்கள். பையில் இருப்பது லாசர் அண்ணன் சேலத்தில் தன் வீட்டுப் பின்பக்கம் காய்ச்சும் சோப்பு. துணியில் பட்ட தறி எண்ணெய்க் கறையை அதுபோல எடுக்கிற சோப்பு கடையில் கிடைக்காது. அவருக்காக வீடு வீடாகப் போய் விற்கிற பெண்களில் நானும் ஒருத்தி. என் வீட்டுக்காரர் டோனி இறந்த பிறகு எனக்கும் மகள் பிரின்சிக்கும் சோறு போட்டது இந்தத் தெருதான்.

போன தை மாதம் லாசர் அண்ணன் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நேரடி விற்பனைக்குச் சட்டம் இருக்கிறதாம். விற்கப் போகிறவர் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும், முன்கூட்டியே சம்மதம் வாங்காமல் யார் வீட்டுக்கும் போகக் கூடாது என்று ஆடிட்டர் சொல்லிவிட்டாராம்.

"ஆள் சேத்துவிட்டு ஏமாத்துற பெரிய கம்பெனிக்காரனுக்குப் போட்ட சட்டம், ஜாக்குலின். நம்மளுக்கும் அதேதான்" என்றார்.

சட்டத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. அப்படி ஏமாந்து தாலியை அடகு வைத்தவர்கள் எங்கள் மாதா கோயில் பங்கிலேயே உண்டு. ஆனால் சோப்பு விற்கிறவளுக்கும் அதே கடிவாளமா? லாசர் அண்ணன் பயந்த சுபாவம். பெயர், கதவு எண், போன் நம்பர், கையெழுத்து என்று ஒரு தாளையே அச்சடித்துக் கொடுத்துவிட்டார்.

அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தேன். முதல் வீட்டில் தறி நின்றது. அடுத்த வீட்டிலும் நின்றது. எனக்கு உடனே விளங்கவில்லை. அந்தத் தெருவில் சிலர் தறிக்குத் தனி இணைப்பு வாங்காமல் வீட்டுக் கரண்டிலேயே திருட்டுத்தனமாகத் தறி ஓட்டுவார்கள். கழுத்தில் அட்டையோடு வருகிற ஆள் என்றால் அவர்களுக்குக் கரண்ட் ஆபீஸ் ஆள்தான்.

பாவாயக்காதான் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். போகும்போதெல்லாம் எனக்கு மோர் ஊற்றித் தருகிறவர்.

"அட, நம்ம சோப்புக்காரப் புள்ளைங்க! பயப்படாம ஓட்டுங்க!" என்று தெருவுக்கே கேட்கக் கத்திவிட்டு, "என்ன சாமி, ஆபீசராட்டம் வந்து நிக்கற?" என்று சிரித்தார். முதல் கையெழுத்தும் அவர்தான் போட்டார். அவரை நம்பி மற்றவர்களும் போட்டார்கள். வீட்டுக் கரண்டில் தறி ஓட்டுகிற மதியழகன்கூடத் தன் கதவு எண்ணைத் தானே வாசலில் பார்த்துச் சொன்னான்.

அடுத்த வாரம் கரண்ட் ஆபீஸ் ஜீப் வந்து மதியழகன் வீட்டு இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போயிற்று. யார் சொல்லி வந்தார்களோ, வழக்கமான சோதனையோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம். அது தெரியாமல் நான் பையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

தறிகள் நின்றன. அட்டையால்தான் என்று நினைத்து அதைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். அப்போதும் நான் போகப் போக ஒவ்வொரு வீடாகத் தறி நின்றது. மதியழகன் மனைவி அனிதா வாசலில் நின்றாள்.

"ஊடு ஊடா எழுதிட்டுப் போனீங்க, எங்க கரண்டப் புடுங்கிட்டாங்க. இன்னும் பத்தலீங்களா?"

பாவாயக்கா வீட்டுக்கு ஓடினேன். என்றைக்கும் திறந்திருக்கும் கதவு சாத்தியிருந்தது.

"அக்கா, மாதா சத்தியமா நான் யாருகிட்டயும் ஒண்ணும் குடுக்கலக்கா! அந்தத் தாளு லாசர் அண்ணன் ஊட்லதான் கெடக்கு. நீயாவது நம்புக்கா."

உள்ளே கொலுசு நகரும் சத்தம் கேட்டது. கதவுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

"ஊட்ல ஆரும் இல்லீங்க" என்றார் பாவாயக்கா. "போய்ட்டு வாங்க."

அழுகை வந்தது. கதவைத் தள்ளினால் திறந்திருக்கும், தாழ் போட்ட சத்தம் கேட்கவில்லை. ஆனால் சம்மதம் இல்லாத வீட்டுக்குள் நான் காலெடுத்து வைக்கவில்லை. பிரின்சிக்கு என்ன சொல்வது என்று தெரியாமலே நடந்தேன். நான் தெருமுனை திரும்பியதும் பின்னால் தறிகள் ஓடத் தொடங்கின.