துணிக்கு அடுத்தது

1.

போன ஞாயிறு பூசையில், சிறுவயது முதல் சொல்லிவரும் செபத்தை நடுவில் விட்டு நின்றேன். பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத அம்மாள் அடுத்த சொல்லை மெல்ல எடுத்துக் கொடுத்தாள். இந்தக் கதை அங்கே பிறந்தது.

முதல் தொடக்கம்: '1978, தை மாதம். ஏலாக்குறிச்சிச் சாலையில் புழுதி' – வேண்டாம். புழுதி எல்லாக் கதையிலும் பறக்கிறது.

இப்படித் தொடங்குகிறேன். செல்லக்கண்ணு அரியலூர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். அடைக்கலமேரியைக் கட்டிக்கொள்ள வேண்டுமானால், பங்குச் சாமியாரிடம் ஞானோபதேசம் என்னும் வேதபாடத்தை ஒப்பிக்க வேண்டும். ஒப்பித்தால்தான் கோயிலில் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவிப்பார்கள். ஒருமுறை தோற்றுவிட்டான். அடுத்த முறையும் தோற்றால், தபசுகாலத்துக்கு முன் கல்யாணம் இல்லை; அந்த நாற்பது நோன்பு நாளில் கோயிலில் கல்யாணம் நடக்காது. அவளை வேறு இடத்தில் கொடுத்துவிட அவள் தாய்மாமன் தயாராக இருக்கிறார்.

2.

ஏன் தோற்றான்? முந்தின நாள் உட்கார்ந்து, மொத்தத்தையும் ஒரே மூச்சில் உருப்போட்டான். விடிந்தபோது பாதியைக் காணோம்.

அதற்குப் பிறகு அடைக்கலமேரி தினமும் அவன் பஸ்ஸில் ஏறினாள்.

"எங்க போவணும்?"

"டிக்கெட் இருக்கட்டும். ஞானோபதேசத்துல வர்ற இரக்கச் செயல் என்னென்ன, சொல்லுங்க."

"பசிச்சவங்களுக்குச் சோறு, தாகத்துக்குத் தண்ணி, உடுப்பில்லாதவங்களுக்குத் துணி... அப்புறம்..."

"வழிப்போக்கருக்கு இடம்! எல்லாரையும் நிக்கவச்சே கூட்டிட்டுப் போற கண்டக்டர் சாருக்கு அது எப்படி ஞாபகம் வரும்?"

பின்சீட்டு முழுக்கச் சிரித்தது.

பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தாள். பிறகு ஒரு வாரம் வரவேயில்லை.

3.

(இந்த இடத்தில் நானே அவளைச் சந்தேகப்பட்டேன். மாமனுக்குத் தலையாட்டிவிட்டாளோ? ஒரு பத்தி அப்படி எழுதி அடித்தேன்.)

செல்லக்கண்ணு ஒவ்வொரு நிறுத்தத்திலும் எட்டிப் பார்த்தான். ஒப்பிப்பதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, ஏறினாள்.

"என்னைய வேணாம்னுட்டியா?"

"தினம் கேட்டா நாக்குதான் சொல்லும், மனசுல தங்காது. கொஞ்சம் மறக்கட்டும்னுதான் வரல. இப்பத் தேடி எடுத்துச் சொல்லுங்க."

அவள் கண் சிவந்திருந்தது. அந்த வாரம் அவளுக்கும் லேசாகக் கழிந்திருக்காது.

அவன் வாயைத் திறப்பதற்குள் திருமானூர்க் கூட்டம் ஏறிவிட்டது.

4.

ஞாயிறு. சாமியார் இரக்கச் செயல்களையே கேட்டார்.

"பசிச்சவங்களுக்குச் சோறு. தாகத்துக்குத் தண்ணி. உடுப்பில்லாதவங்களுக்குத் துணி..."

நின்றான். வாசலில் மாமன் செருப்பை மாட்டிக்கொள்கிறார். அடைக்கலமேரி உதட்டை அசைக்கக் கூடாது.

முடிவு ஒன்று: அவனுக்குச் சட்டென்று –

முடிவு இரண்டு: சாமியார் தலையை –

இரண்டையும் விட்டுவிட்டேன். எழுதும் உரிமை எனக்கு இருக்கலாம். ஆனால் இப்போது அவன் பக்கத்தில் நிற்பது நீங்கள்தான். மேலே திரும்பிப் பார்க்காதீர்கள். அதைப் படித்துச் சற்று நேரமாகிவிட்டது, மறக்கத் தொடங்கியிருப்பீர்கள். தேடி எடுங்கள். கிடைத்தால், அந்த அம்மாளைப்போல மெல்லச் சொன்னால் போதும்.

துணிக்கு அடுத்தது, யாருக்கு என்ன?