இறுக்கிப் போட்ட ரோஜாக்கள்

யூஜினியாவுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு விஷயத்தில்தான் கர்வம். எஸ்டேட் மாதா கோயிலில் பீடத்துக்கு விரிக்கும் வெள்ளைப் பின்னல் துணியெல்லாம் அவள் கைவேலை. பருத்தி நூலில் குரோஷே போட்டு, கஞ்சியில் நனைத்து, ஈரத்தோடு குண்டூசி குத்தி இழுத்து, சுடச்சுடத் தேய்த்தாள் என்றால் துணி அட்டை மாதிரி நிற்கும். மற்றபடி அவள் சமையல் சுமார்தான். பாட வாயைத் திறந்தால் புருஷன் அந்தோனியே எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

மகள் ஷெல்லிக்கு அந்த வெள்ளை பிடிக்காது. புஞ்சாக் ஆலாம் டவுனில் ஒரு கிளினிக்கில் வேலை பார்த்தவள். ஒருநாள் வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் போனை அம்மா மூக்குக்கு நேரே நீட்டினாள். அதில் ஒரு பழங்காலத்துப் போர்வை. கட்டம் கட்டமாக, கட்டத்துக்கொரு ரோஜா. இதழ்கள் அடுக்கடுக்காக மேலெழுந்து நின்றன.

"மம்மி, டிசைன் இதேதான். ஆனா கலர் நம்ம கலர். இந்தச் சிவப்பு, கறுப்பெல்லாம் ரொம்ப ஓல்டு லா."

ஆன்லைனில் ஒரு பெட்டி நிறைய நூல் வந்து இறங்கியது. மங்கிய ரோஸ், கடுகு மஞ்சள், மயில்கழுத்து நிறம். சுற்றிலும் போட மட்டும் சாம்பல்.

"சாம்பல்ல எவளாச்சும் பூ வைப்பாளாடி?" என்றாள் யூஜினியா.

"வச்சுப் பாருங்க, அப்புறம் பேசுங்க."

வைத்துப் பார்த்தால், அட, அழகாகத்தான் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் யூஜினியா யூஜினியாவாகவே இருக்க மாட்டாள். "பரவால்ல" என்று மட்டும் முனகி வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் இருவரும் ஹாலில் உட்கார்ந்து ஆளுக்கொரு கட்டமாகப் போடுவார்கள். ஷெல்லிக்குக் கை இறுக்கம். புதிதாகக் கற்பவர்களுக்கு அப்படித்தான் வரும், ஊசி உள்ளே போகாத அளவுக்கு நூலை இழுப்பார்கள்.

"அந்த நூலு என்னா பாவம் பண்ணுச்சு, இப்படிக் கழுத்த நெரிக்கிற? லூசா விடுடி."

"என் கை அப்படித்தான் மம்மி. விடுங்களேன்."

பாதிப் போர்வைகூட ஆகியிருக்காது. டிங்கிக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் படுத்தவள் எழுந்திருக்கவேயில்லை. இருபத்தேழு வயது. காய்ச்சல் விட்டுவிட்டது, நாளைக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று நம்பி அந்தோனி அவள் கட்டிலுக்குப் புது மெத்தை வேறு வாங்கிப் போட்டிருந்தார். அந்த மெத்தையின் பிளாஸ்டிக் உறையை இன்றுவரை யாரும் கிழிக்கவில்லை. என்னத்தைச் சொல்ல!

மகளின் முதல் வருஷப் பூசை நெருங்கியபோதுதான் யூஜினியா அந்த நூல் பெட்டியைத் திறந்தாள். பூசை முடிந்து வீட்டில் ஜெபம் வைப்பார்கள், மேசையில் ஷெல்லியின் படம் இருக்கும். அதற்கடியில் இந்தப் போர்வையை விரிக்க வேண்டும் என்று அவளுக்கு வெறியே பிடித்துவிட்டது. மகள் விட்டுப்போன உடுப்பெல்லாம் கடையில் வாங்கியவை. போன், தோடு, செருப்பு எல்லாம் அப்படித்தான். ஷெல்லி தன் கையாலேயே செய்தது என்று அந்த வீட்டில் இருந்ததெல்லாம் இந்த ரோஜாக்கள்தாம்.

மீதிக் கட்டங்களை அவளே போட்டாள். மகள் தொங்கவிட்டிருந்த நூல் முனைகளையெல்லாம் ஊசியால் உள்ளே செருகிச் சுத்தம் செய்தாள். எல்லாவற்றையும் தரையில் பரப்பினாள். பரப்பிய பிறகுதான் தெரிந்தது. ஷெல்லி போட்டவை எல்லாம் ஒரு விரல்கடை சின்னவை. சேர்த்துத் தைத்தால் போர்வை சுருங்கிக் கோணிக்கொள்ளும். ஓரத்தில் ஒரு சுற்று கூட்டிப் பார்த்தாள், அப்போது பெரிதாகிப் பிதுங்கியது.

அந்தோனி எண்ணெய்ப்பனைப் பழக்குலை லோரி ஓட்டிக் களைத்து வந்த மனுஷன். நல்லெண்ணத்தில்தான் சொன்னார்: "சின்னத மட்டும் பிரிச்சிட்டு நீயே திருப்பிப் போட்டுரேன்."

"பிரிக்கறதா? அவ கைய வெட்டிட்டு என் கைய ஒட்டச் சொல்றீங்களா? போங்க, போய்க் குளிங்க!"

அவர் துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். குளியலறையில் வெகுநேரம் தண்ணீர் சத்தமே கேட்கவில்லை.

மறுநாள் காலையில் அவளுக்கு வழி புலப்பட்டது. இத்தனை வருஷம் பீடத்துணிக்குச் செய்ததுதானே! சாப்பாட்டு மேசையில் பழைய கம்பளத்தை விரித்தாள். ஷெல்லியின் கட்டங்களை நனைத்து, அளவுக்கு இழுத்துக் குண்டூசி குத்தினாள். மேலே ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை நன்றாகச் சூடாக்கி அழுத்தினாள். ஆவி புஸ்ஸென்று கிளம்பியது. துணியை விலக்கினால் கட்டம் சொன்ன அளவுக்கு நின்றது. இதழ்கள் படுத்திருந்தன. காய்ந்தால் எழுந்துகொள்ளும் என்று நினைத்தாள். சிலதைத் தேய்த்துச் சிலதை விட்டால் பளபளப்பு இரண்டு விதமாகத் தெரியுமே என்று தன் கட்டங்களையும் எடுத்து அதேபோல் தேய்த்தாள். ஆனவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். ஒரு வருஷத்தில் முதல்முறையாக அவள் வாய் எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தது.

மத்தியானம் பக்கத்து வீட்டு உஷாராணி வந்தாள். தையற்காரி. அடுக்கிலிருந்து ஒரு ரோஜாவை எடுத்து விரலால் தடவியவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"அக்கா, இதுக்கா சூடு வச்சீங்க?"

"ஆமா. ஏன்?"

"இது பருத்தி இல்லக்கா. பிளாஸ்டிக் மாதிரி, அக்ரிலிக்கு. சூடு பட்டா செத்துரும். அப்புறம் என்னா செஞ்சாலும் எழும்பாது."

யூஜினியா அவள் கையிலிருந்ததைப் பிடுங்கினாள். இதழை நகத்தால் நிமிண்டித் தூக்கினாள். அது துவண்டு விழுந்தது. இன்னொன்றை எடுத்துத் தூக்கினாள், அதுவும் விழுந்தது. இரவு முழுக்க ஊறிய அப்பளம்போல எல்லாம் தொளதொளவென்று கிடந்தன. பஞ்சுபோல இருந்த நூல் வழவழவென்று மினுங்கியது.

"பரவால்ல" என்றாள் தனக்குத்தானே. "பூ படுத்தா படுத்துட்டுப் போவுது. அவ போட்டதுதானே. அவ போட்டது இல்லன்னு ஆயிருமா?" உஷாராணி அவள் தோளைத் தொட்டுவிட்டுக் கிளம்பினாள்.

சாயங்காலம் அந்தோனி வந்தபோது கட்டங்கள் மேசை முழுக்கப் பரப்பிக் கிடந்தன. நேற்று வாங்கிக் கட்டிக்கொண்டது நினைவில் இருந்ததால் தூரத்தில் நின்றே பார்த்தார். பிறகு பக்கத்தில் வந்தார். எல்லாம் ஒரே அளவு. மூலைக்கு மூலை சரியாகப் பொருந்தி நின்றன. அவருக்கு மனசு நிறைந்துபோயிற்று.

"அடேயப்பா! செஞ்சுட்டியே யூஜினி. எது புள்ள போட்டது, எது நீ போட்டதுன்னே தெரியல."

யூஜினியா மேசையைப் பார்த்தாள். மங்கிய ரோஸில் ஒன்றை எடுத்தாள். விரலால் அழுத்தி அந்த இறுக்கத்தைத் தேடினாள். இழுத்த இழுப்பில் எல்லா இறுக்கமும் விட்டுப்போயிருந்தது. அடுத்ததை எடுத்தாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். திருப்பி முனைகளைத் தேடினாள், அவளே செருகிச் சுத்தம் செய்த முனைகள். வைத்துவிட்டு வேறொன்று, இன்னொன்று. அடுக்கும்போது தனித்தனியாக வைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லையே! அவள் கை வேகவேகமாக மேசை முழுவதும் துழாவியது. அந்தோனி பயந்துபோய் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"என்னாம்மா? என்னா தேடுற?"

"தெரியலங்க" என்றாள். "பெத்தவ எனக்கே தெரியலங்க."