நதிக்கு விட்ட இடம்

அவள் மாகாண அரசின் நகரத் திட்டத் துறையில் பொறியாளர். வீட்டில் மட்டும் இன்றைக்கும் சின்னவள்தான். அம்மா போன பிறகு அவளைப் படிக்க வைத்து ஆளாக்கியது அக்காவும் அத்தானும். ஆற்றோரத்தில், சாலையைப் பார்த்த முன்னறையில் அத்தான் தையல் மெஷின் போட்டிருந்தார். பின்னால் இரண்டு அறையில் குடித்தனம். எதிரே பஸ் நிறுத்தம். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் ஜிப் மாற்றவும், பேண்ட் நீளத்தைக் குறைக்கவும் உள்ளே வருவார்கள். உட்கார்ந்த இடத்திலேயே ஊர்க்கதையெல்லாம் அத்தானிடம் வந்து சேரும். மழை வலுத்தால் ஆறும் வந்து சேரும். அப்போது அத்தான் மெஷினின் தலையைக் கழற்றிக் குழந்தையைப் போலத் தோளில் சாய்த்துக்கொண்டு மேசைமேல் நிற்பார்.

கடல் தாண்டி இருந்த ஒரு மாகாணத்தோடு அரசு ஒப்பந்தம் போட்டது. வெள்ளத்தையும் வெயிலையும் தாங்கும் நகரத்தை எப்படிக் கட்டுவது என்று இங்கிருப்பவர்கள் அங்கே போய்ப் பார்க்க வேண்டும், அங்கிருப்பவர்கள் இங்கே வர வேண்டும். முதல் குழுவிலேயே சின்னவள் போனாள். அங்கே ஆற்றின் இரு கரையையும் ஆற்றுக்கே விட்டிருந்தார்கள். நாணல், நடைபாதை, நீர் பரவ ஒரு பெரிய புல்வெளி. சுற்றிக் காட்டிய அதிகாரி நரைத்த தலையைக் குட்டையாக வெட்டியிருந்த ஒரு பெண். வாயைத் திறந்தால் ஆற்றைத் தவிர வேறு பேச்சில்லை. அதனால் குழுவினர் தங்களுக்குள் அவரை நதியம்மா என்று கூப்பிட்டார்கள். பாலத்தில் நின்று அந்தப் புல்வெளியைப் பார்த்தபோது, மேசைமேல் நிற்கும் அத்தான்தான் சின்னவளின் கண்ணுக்குத் தெரிந்தார்.

திரும்பி வந்து வரைபடத்தை அவளே போட்டாள். ஆற்றோரத்து வீடுகளை எடுத்துவிட்டு, ஜனங்களுக்கு ஊருக்கு வெளியே பதினொரு மாடிக் குடியிருப்புகள். யாரும் கிளம்பத் தயாராக இல்லை. துறைச் செயலாளர் அவளை அழைத்து, அவள் அக்கா வீடும் அங்கேதானே, அவர்கள் முதலில் போனால் மற்றவர்களுக்கும் நம்பிக்கை வரும் என்றார். அவளுக்கும் அது நியாயமாகவே பட்டது.

அக்காவுக்கு வெள்ளத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"மெஷினை எங்கடி போடுவாரு?"

"கீழ்த்தளம் முழுக்கக் கடைதான்க்கா. முதல் கடை அத்தானுக்கு. பிளான்லயே இருக்கு."

அத்தான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "நீ சொன்னா சரிம்மா" என்றார். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

கட்டி முடிப்பதற்குள் செலவு கையை மீறிப் போய்விட்டது. கீழ்த்தளத்துக் கடைகள் வண்டி நிறுத்தும் இடமாகவும் மோட்டார் அறையாகவும் மாறின. சின்னவள் எழுதிப் பார்த்தாள், நேரில் போய்ச் சண்டை போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. மெஷின் ஒன்பதாவது மாடிக்குப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தது. ஒரு ஜிப்புக்காக ஒன்பது மாடி ஏறி யார் வருவார்கள்? லிஃப்ட் கொஞ்ச காலம் ஓடியது. பிறகு ஓடும் நாளை விட நிற்கும் நாள் அதிகமானது. புகார் செய்தால் ஒப்பந்தக்காரர் துறையைக் கேட்கச் சொன்னார், துறை குடியிருப்போர் சங்கத்தைக் கேட்கச் சொன்னது, சங்கம் ஒப்பந்தக்காரரையே கைகாட்டியது. ஆயுள் முழுக்க மெஷின் மிதித்த அத்தானின் முழங்கால்கள் படியைக் கண்டாலே மக்கர் செய்தன. அக்கா, வீடுகளை எடுத்த இடத்தில் வந்த ஆற்றங்கரைப் பூங்காவில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் இறங்கினால் பொழுது சாயும்போதுதான் ஏறுவாள். பகல் முழுக்க அத்தான் தனியே.

அவர்கள் குடியேறிய அடுத்த வருடம் நதியம்மாவின் குழு வந்தது. பூங்காவைப் பார்த்துவிட்டுப் பாராட்டினார்கள். பிறகு குடியிருப்பு. எந்த வீட்டைக் காட்டுவது என்பதைச் செயலாளர் முன்பே முடிவு செய்திருந்தார்: அக்கா வீடு. லிஃப்டும் ஓடியது.

அக்கா தங்கையின் முகத்துக்காக நல்லதையே சொன்னாள். மழை பெய்தால் இப்போது பயமில்லை, சுவரில் ஈரமில்லை. இரண்டும் உண்மைதான். நதியம்மா, உறை போட்ட மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த அத்தானிடம் திரும்பி, கடைசியாக எப்போது கீழே போனீர்கள் என்று கேட்டார். சின்னவள் அதைத் தமிழில் சொன்னாள்.

அத்தான் அவளை நிமிர்ந்து பார்த்தார். "லிஃப்ட் ஓடுதாம்மா?"

அதை அவள் ஒரு சொல்லும் மாற்றாமல் மொழிபெயர்த்தாள். செயலாளர் எல்லோரையும் ஜன்னல் பக்கம் அழைத்து, தூரத்தில் தெரிந்த ஆற்றைக் காட்டத் தொடங்கினார்.

இறங்கும்போது நதியம்மா படியில் நடந்தார். சின்னவளும் கூடவே போனாள். இருவருக்கும் சொந்தமில்லாத ஒரு மொழியில்தான் அவர்கள் பேசிக்கொள்வார்கள். அன்று பேசியது இதுதான்:

"நாங்களும் இப்படித்தான் கட்டினோம், ஆத்தோரத்து ஜனங்களுக்கு. நீங்க வந்தப்பவே இடிக்கப் பேச்சு நடந்துச்சு. போன வருஷம் எல்லாத்தையும் இடிச்சுட்டோம்."

"ஏன்?"

"மேலயே முடங்கிப் போயிட்டாங்க. சில பேர் செத்ததே பக்கத்து வீட்டுக்குத் தெரியல."

சின்னவள் படியிலேயே நின்றுவிட்டாள். "நான் வந்தப்ப ஏன் சொல்லல?"

"எனக்குக் கொடுத்தது ஆறு. வீடு வேற துறை." அவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். "நீங்க கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனான்னு தெரியல. விருந்தாளிக்கு நல்லதைத்தானே காட்டுவோம்."

"இந்த லிஃப்டை நேத்துதான் சரி பண்ணாங்க."

"தெரியும்."



மறுநாள் அவள் செயலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதரில்லை. இவர்களை மறுபடியும் ஆற்றோரம் கொண்டுபோய் வைத்தால் அடுத்த வெள்ளத்துக்கு யார் பதில் சொல்வது என்றார். குடியிருப்பின் இரண்டாம் கட்டத்துக்குக் கையெழுத்தானது. அதன் வரைபடத்திலும் கீழ்த்தளத்தில் கடைகள் இருந்தன. வந்தவர்கள் விமானம் ஏறிய வாரமே லிஃப்ட் நின்றது.

தன் வீட்டுக்கே வந்துவிடுங்கள் என்று அக்காவைக் கெஞ்சினாள். இரண்டு நாள் என்றால் வரலாம், ஆயுசுக்கும் விருந்தாளியாக இருக்க முடியுமா என்று அக்கா மறுத்துவிட்டாள்.

அதன் பிறகு ஞாயிறுதோறும் சின்னவள் ஒரு பை நிறையத் துணியோடு மாடியேறினாள். அலுவலகத்தில் கேட்டு வாங்கியது, அக்கம்பக்கத்தில் வாங்கியது. அத்தான் உறையை எடுத்தார், எண்ணெய் விட்டார். வேலை முடிந்து ஏறி வரும் அக்காவின் முகம் மெஷின் சத்தம் கேட்டதும் தெளிந்தது. ஆனால் ஊரில் எவ்வளவுதான் கிழியும்? துணி குறைந்தது.

மழைக்காலம் வந்தது. ஆறு கரை தாண்டி, வரைந்து வைத்த கோட்டுக்குள்ளேயே பரவி, வடிந்தது. ஒரு வீடும் நனையவில்லை. அந்த ஞாயிறு சின்னவள் பையிலிருந்து தன்னுடைய சட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அத்தான் தையலை விரித்து வெளிச்சத்தில் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது தானா பிரிஞ்சதில்லம்மா. பிளேடு போட்டிருக்கு."

அவள் பையை மடிக்கத் தொடங்கினாள்.

அவர் கோபப்படவில்லை. சட்டையை மெஷினில் கொடுத்து, ஒரு நூலும் பிசகாமல் தைத்து, மடித்து அவள் கையில் வைத்தார்.

"அடுத்த வாரம் துணி வேண்டாம். நீ சும்மா வா, போதும்."

சொல்லிவிட்டு மெஷினுக்கு உறையைப் போட்டார். அவள் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, அக்கா வேலையிலிருந்து வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.